ஃப்ளூ மரணமும் கோவிட் மரணமும்: இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா?

சாட்ஸ்வொர்த் மலர்
14 மே 2023, மாலை 6.40

எல்லோருக்கும் வணக்கம். இன்று காலை கோயிலில் பூஜை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது ஒரு பேச்சு வந்தது. உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்துவிட்டது என்று இந்த மாதம் 5-ஆம் தேதி அறிவித்ததல்லவா? அதை வைத்து ஒரு பெரியவர் சொன்னார்: "எல்லாம் வீண் பயம். ஃப்ளூவிலும்தான் வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் சாகிறார்கள். அதற்காக யாராவது நாட்டைப் பூட்டினார்களா?" சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நான் பரிமாறிக்கொண்டிருந்தேன். கையில் சாம்பார் வாளி. வாயில் பதில் வரவில்லை.

என் தாய்மாமா 2021 ஜனவரியில் போனார். இரண்டாம் அலை. நான்கு நாள் இருமல், ஐந்தாம் நாள் இரவு விரலில் மாட்டுகிற ஆக்சிஜன் கருவியில் 81 என்று காட்டியது. கருவிதான் பழுதோ என்று என் விரலில் மாட்டிப் பார்த்தேன், 98. இரண்டு மருத்துவமனைகளில் கேட்டோம், இடமில்லை. விடிவதற்கு முன் வீட்டிலேயே, முன்னறை சோபாவில், அத்தை கையைப் பிடித்தபடி இருக்கும்போது மூச்சு நின்றது. அவருக்குப் பரிசோதனை எடுக்கவே இல்லை. எங்கள் கைக்கு வந்த இறப்புச் சான்றிதழில் "இயற்கைக் காரணம்" என்று மட்டும் இருக்கிறது. தகனத்துக்கு ஆறு நாள் காத்திருந்தோம்.

என் கேள்வி இதுதான். நம் தென்னாப்பிரிக்காவில் கோவிட்டில் இறந்தவர்கள் 1,02,000-க்கு மேல் என்று அரசுக் கணக்கு. அதில் மாமா இருக்கிறாரா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படியென்றால் ஃப்ளூவுக்கு வருஷத்துக்கு 11,000, 12,000 என்று ஒரு எண் சொல்கிறார்களே, அதை யார் எப்படி எண்ணினார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு அந்தப் பெரியவரைப் பார்ப்பேன். அவரிடம் அமைதியாகப் பேச வேண்டும்.

வெருலம் துணிக்கடை
14 மே 2023, இரவு 7.25

அம்மா மலர், உங்கள் மாமா இழப்புக்கு வருத்தம். மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதை நானும் சொல்லியிருக்கிறேன், மறைக்க மாட்டேன். 2020 மார்ச் 27-ல் பூட்டினார்கள். ஐந்து வாரம் கடைக் கதவைத் திறக்கவில்லை. மே மாதம் துணி விற்கலாம் என்றார்கள், ஆனால் குளிருக்கான துணி மட்டும். அரைக்கை டி-சர்ட் விற்க வேண்டுமானால் உள்ளே போட்டுக்கொள்ளும் துணி என்று காட்டித்தான் வைக்க வேண்டும் என்று விதி. என்னிடம் வேலை பார்த்த மூன்று பெண்களில் இரண்டு பேரை நிறுத்த வேண்டி வந்தது. ஒருத்தி பதினாறு வருஷம் என்னோடு இருந்தவள்.

அதனால்தான் கேட்கிறேன். ஃப்ளூவில் வருஷம் 12,000 பேர் என்றால் பத்து வருஷத்தில் 1,20,000. அந்த 1,20,000 பேருக்காக யாரும் ஒரு நாள்கூட கடையை மூடச் சொல்லவில்லையே, ஏன்?

கணக்கன்
14 மே 2023, இரவு 9.50

மலர் அக்கா, ஐயா, இருவருக்கும் வணக்கம். நான் மதுரைப் பக்கம். டர்பனுக்கு வந்து ஏழு வருஷம் ஆகிறது. புள்ளியியல் படித்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கேட்டதுதான் முக்கியமான கேள்வி. அந்த இரண்டு எண்ணும் ஒரே வழியில் வந்தவை அல்ல. கோவிட் 1,02,000 என்பது தலையெண்ணியது. பரிசோதனையில் உறுதியாகி, இறந்து, அந்தத் தகவல் மாகாணத்திலிருந்து மேலே போய்ச் சேர்ந்தவர்கள். ஃப்ளூ 12,000 அப்படி எண்ணியதே இல்லை. அது மதிப்பீடு. குளிர்காலத்தில் நிமோனியா, இதயநோய் இதிலெல்லாம் இறப்பு ஏறும். அதே வாரங்களில் கண்காணிப்பு மருத்துவமனைகளில் எடுத்த மாதிரிகளில் ஃப்ளூ வைரஸ் எவ்வளவு தென்படுகிறது என்று தேசியத் தொற்றுநோய் நிறுவனம் பார்த்துக்கொண்டே இருக்கும். நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் ஈடன்டேல் மருத்துவமனையும் அதில் ஒன்று. வைரஸோடு சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்குகிற இறப்புகள் எத்தனை என்று கணக்குப் போட்டு எடுப்பதுதான் அந்த 12,000. அந்த 12,000 பேரின் பெயர்ப் பட்டியல் என்று ஒன்று கிடையாது.

ஃப்ளூவைத் தலையெண்ணினால் என்ன வரும் தெரியுமா? 2009-ல் பன்றிக் காய்ச்சல் வந்ததே, அதுவும் புது ஃப்ளூதான், கொள்ளைநோய்தான். அந்த ஆண்டு தென்னாப்பிரிக்காவில் பரிசோதனையில் உறுதியான மரணம் 93. பின்னால் ஆயிரம் என்ற சொல் விட்டுப்போகவில்லை, தொண்ணூற்று மூன்றுதான். உலகம் முழுக்க உறுதியானது சுமார் 18,500. அப்புறம் 2012-ல் அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தார் உட்கார்ந்து மதிப்பிட்டபோது 1,51,700-லிருந்து 5,75,400 வரை இருக்கலாம் என்று வந்தது. எட்டு மடங்கு முதல் முப்பது மடங்கு வரை வித்தியாசம். நோய் ஒன்றுதான், எண்ணிய விதம்தான் வேறு.

இனி கோவிட்டையும் மதிப்பீட்டு வழியில் பார்ப்போம். தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கேப்டவுன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வாரா வாரம் ஓர் அறிக்கை போட்டார்கள். மக்கள் பதிவேட்டில் பதிவாகிற எல்லா மரணங்களையும் எடுத்து, முந்தைய ஆண்டுகளை வைத்து இந்த வாரம் இத்தனை பேர் இறந்திருக்க வேண்டும் என்று ஒரு எதிர்பார்ப்புப் போட்டு, அதற்கு மேல் எத்தனை என்று பார்த்தார்கள். விபத்து, கொலை இரண்டையும் கழித்துவிட்டு இயற்கை மரணத்தை மட்டும் தனியாகப் பார்த்தார்கள். ஏனென்றால் மதுக்கடை மூடியிருந்த நாட்களில் விபத்தும் வெட்டுக்குத்தும் குறைந்துவிட்டன. அதைச் சேர்த்தால் கணக்கு கெட்டுவிடும். 2020 மே முதல் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்த கூடுதல் இயற்கை மரணம் 3,00,000. அதில் 85-லிருந்து 95 சதவீதம் வரை கோவிட்டால்தான் என்பது அவர்கள் கணிப்பு.

அக்கா, உங்கள் மாமா 1,02,000-இல் இல்லை. ஆனால் 3,00,000-இல் இருக்கிறார். "இயற்கைக் காரணம்" என்ற அந்தச் சான்றிதழ் பதிவேட்டில் ஏறியதே, அது போதும். அவரை அவர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

இப்போது மூன்று விதமாக ஒப்பிட்டுப் பாருங்கள். தலையெண்ணிய கோவிட்டையும் மதிப்பிட்ட ஃப்ளூவையும் பக்கத்தில் வைத்தால், வருஷத்துக்கு 51,000-க்கு எதிரே 12,000. நான்கு மடங்கு சொச்சம். கோயிலில் பேசுகிறவர்கள் கையில் இருப்பது இதுதான். தலையெண்ணியதையும் தலையெண்ணியதையும் வைத்தால், 1,02,000-க்கு எதிரே 2009-இன் 93. ஆயிரம் மடங்குக்கு மேல். இதுவும் நியாயமில்லை, ஏனென்றால் 2009-ல் பரிசோதனையே அரிது. மதிப்பீட்டையும் மதிப்பீட்டையும் வைத்தால் வருஷத்துக்கு 1,50,000-க்கு எதிரே 12,000. பன்னிரண்டு மடங்குக்கு மேல். எனக்கு நேர்மையாகத் தெரிவது இந்த மூன்றாவதுதான்.

ஐயா, நீங்கள் பத்து வருஷம் கூட்டினீர்கள். அந்தக் கூட்டல் சரி. ஆனால் பத்து வருஷ ஃப்ளூ மொத்தத்தை இது எட்டு, ஒன்பது மாதத்தில் தாண்டிவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாள் குறைந்தால்தான் மருத்துவமனையும் சுடலையும் நிரம்பும்.

வார்டு சிஸ்டர்
15 மே 2023, காலை 5.35

தம்பி கணக்கன் எழுதியதைப் படித்தேன். நன்றாகச் சொன்னீர்கள். நான் முப்பத்தொரு வருஷம் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவள். 2021 கடைசியில் ஓய்வு. ஃப்ளூ ஏன் எண்ணப்படாமல் போகிறது என்பதை வார்டிலிருந்து சொல்கிறேன்.

ஜூன் மாதம், இங்கே குளிர்காலம். எழுபது வயசு அம்மா ஒருவர் வருவார். நெஞ்சில் கரகரப்பு, காய்ச்சல், சர்க்கரை ஏறியிருக்கும். எக்ஸ்ரே எடுத்தால் நிமோனியா. டாக்டர் ஆன்டிபயாடிக் ஊசி எழுதுவார், ஆக்சிஜன் வைப்போம். ஃப்ளூ பரிசோதனை எழுத மாட்டார், எழுதினாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. பத்து நாளில் அந்த அம்மா போய்விடுவார். தாளில் நிமோனியா என்று எழுதுவோம், அல்லது இதயச் செயலிழப்பு. இதெல்லாம் தொடங்கியது பேரப்பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஃப்ளூவில்தான் என்பது அந்தத் தாளில் எங்கும் இருக்காது. பல பேருக்குச் சாகிற நேரத்தில் மூக்கில் வைரஸே இருக்காது. அது உடம்பைத் திறந்துவிட்டுப் போயிருக்கும், பின்னால் வந்த கிருமிதான் கொல்லும்.

இப்படிப் போகிறவர்களில் பாதிப் பேர் வயசானவர்கள். எச்.ஐ.வி. உள்ளவர்கள் பத்தில் மூன்று பேர் இருப்பார்கள். கைக்குழந்தைகளும் உண்டு. அதனால் "வெறும் ஃப்ளூ" என்று யார் சொன்னாலும் எனக்கு வலிக்கும். கோவிட்டைச் சின்னதாக்குகிறார்கள் என்பதற்காக மட்டும் இல்லை. ஃப்ளூவில் போனவர்களையும் சேர்த்தல்லவா சின்னதாக்குகிறார்கள்!

இனி கோவிட். ஒரு மோசமான ஃப்ளூ குளிர்காலத்தில் வராந்தாவில் ஒரு வரிசைக் கட்டில் கூடுதலாகப் போடுவோம், சமாளிப்போம். 2021 ஜனவரியில் கட்டில் பிரச்சினையே இல்லை, கட்டில் எங்கிருந்தாவது வரும். சுவரில் ஆக்சிஜன் குழாய் இருக்கும் இடங்கள் எத்தனை என்பதுதான் கணக்கு. எங்கள் வார்டில் இருபத்திரண்டு. இருபத்து மூன்றாவது ஆள் வந்தால் சிலிண்டர். சிலிண்டரின் முள் சிவப்பைத் தொடும்போது ஓடி மாற்ற வேண்டும். ஓர் இரவு நான் இரண்டு சிலிண்டருக்கு நடுவே நின்றுகொண்டு எந்த முள் முதலில் இறங்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஃப்ளூவில் அப்படி ஓர் இரவு எனக்கு வந்ததில்லை.

இன்னொன்று. நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீடு எது? கோவிட் வந்து மோசமானவர்களில் சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நம் தெருக்களில் இவ்வளவு சாவு விழுந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

வெருலம் துணிக்கடை
15 மே 2023, மதியம் 1.15

சிஸ்டர், நீங்கள் பட்ட பாட்டை மறுக்க எனக்குத் தகுதியில்லை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஆனால் தம்பியிடம் ஒரு கேள்வி. கூடுதல் மரணம் 3,00,000 என்கிறீர்கள். அது வைரஸால்தான் என்று எப்படிச் சொல்ல முடியும்? பூட்டியதால் கிளினிக்குக்குப் போகாதவர்கள் எத்தனை பேர்? என் அண்ணன் மூன்று மாதம் பிரஷர் மாத்திரை வாங்கப் போகவில்லை, பயத்தில். மாத்திரை இல்லாமல் செத்தவனையும் கோவிட் கணக்கில் போட்டுவிட்டால்?

கணக்கன்
15 மே 2023, இரவு 8.05

ஐயா, நல்ல கேள்வி. இதை அந்த ஆய்வாளர்களே கேட்டுக்கொண்டார்கள். 85-லிருந்து 95 சதவீதம் என்று வைத்துவிட்டு மீதியை விட்டதே அதனால்தான். உங்கள் அண்ணனைப் போன்றவர்களுக்கு அந்த மீதியில் இடம் இருக்கிறது.

ஆனால் வாரவாரியாகப் பார்த்தால் ஒன்று தெரியும். பூட்டு மிக இறுக்கமாக இருந்தது 2020 ஏப்ரலில். பூட்டியதுதான் கொன்றது என்றால் அப்போதே இறப்பு ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. அந்த வாரங்களில் இயற்கை மரணம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது. மே மாதத்துக்குப் பிறகு வைரஸ் பரவப் பரவத்தான் ஏறியது. அப்புறம் ஜூலையில் ஓர் உச்சம், 2021 ஜனவரியில் ஓர் உச்சம், 2021 ஜூலையில் டெல்டா வகை வைரஸோடு ஓர் உச்சம். எந்த மாகாணத்தில் தொற்று ஏறியதோ அங்கே இறப்பும் ஏறியது, அங்கே இறங்கும்போது இதுவும் இறங்கியது. மாத்திரை வாங்காமல் போனதால் வரும் சாவு இப்படி அலை அலையாக, மாகாணம் பார்த்து வராது.

இன்னொரு விஷயம், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 2020 குளிர்காலத்தில் ஃப்ளூ எங்கே போனது? ஏப்ரலிலிருந்து ஜூலை வரை இந்த நாட்டில் பரிசோதித்த 2,098 மாதிரிகளில் ஃப்ளூ இருந்தது ஆறில் மட்டும். ஆஸ்திரேலியாவிலும் சிலியிலும் இதே கதை. முகக்கவசம், பூட்டிய பள்ளி, நின்றுபோன விமானம் எல்லாம் சேர்ந்து ஃப்ளூவை ஏறத்தாழ அணைத்துவிட்டன. அதே தடுப்பு, அதே மாதங்கள், அதே மக்கள், ஆனால் கோவிட் நிற்கவில்லை.

ஃப்ளூவின் 12,000 என்பது ஒரு தடுப்பும் இல்லாமல், எல்லோரும் சாதாரணமாகத் திரியும்போது வருகிற எண். நமக்கு அதன் பழைய தம்பிகளோடு பழக்கம் இருக்கிறது, உடம்பு ஓரளவு அடையாளம் கண்டுகொள்ளும், தடுப்பூசியும் உண்டு. கோவிட்டின் 3,00,000 என்பது இத்தனை தடுப்புக்கும் பிறகு வந்த எண். அதனால் நான் முன்பு சொன்ன பன்னிரண்டு மடங்கும் குறைத்துச் சொன்னதுதான்.

டோங்காட் பேரன்
15 மே 2023, இரவு 10.30

இதையெல்லாம் படிக்கும்போது 1918 ஞாபகம் வருகிறது. நான் பார்த்ததில்லை, எங்கள் தாத்தாவின் அப்பா கரும்புத் தோட்டத்தில் இருந்தவர், அவர் வழியாக வீட்டில் வந்த பேச்சு. "விஷக் காய்ச்சல்" என்றுதான் சொல்வார்கள். காலையில் கரும்பு வெட்டப் போன ஆள் அந்தியில் படுத்தால் எழுந்திருக்க மாட்டானாம். அதுவும் ஃப்ளூதான் என்பது எனக்கே பெரியவனான பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவில் முதல் உலகப் போருக்கு வேலை செய்த தொழிற்படையினரை ஏற்றிக்கொண்டு ஜரோஸ்லாவ், வெரோனெஜ் என்று இரண்டு கப்பல்கள் சியரா லியோனில் நின்றுவிட்டுக் கேப்டவுனுக்கு வந்தன. அங்கிருந்து ரயில் பாதை போன இடமெல்லாம் நோய் போனது. கிம்பர்லி வைரச் சுரங்கத் தொழிலாளர் தங்கிய கம்பவுண்டுகளில் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். நம் நேட்டாலில் அதற்கு முன்பே டர்பன் வழியாக லேசான அலை ஒன்று வந்துபோயிருந்ததால் சேதம் குறைவு என்று சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். நாடு முழுக்க ஏறத்தாழ ஆறு வாரத்தில் சுமார் 3,00,000 பேர்.

கணக்கன் தம்பி சொன்ன அதே 3,00,000. பார்த்ததும் திடுக்கிட்டேன். ஆனால் அப்போது இந்த நாட்டு ஜனத்தொகை எழுபது லட்சம்கூட இல்லை, இப்போது ஆறு கோடி. அதனால் 1918 இதைவிடப் பல மடங்கு கொடுமை. போனவர்களில் பெரும்பாலோர் இருபது, முப்பது வயசுக்காரர்கள், பால்குடிப் பிள்ளையை வைத்திருந்தவர்கள். அப்போதும் பாதிப் பேரை யாரும் எழுதிவைக்கவில்லை. பின்னால் உட்கார்ந்து மதிப்பிட்டதுதான்.

ஆக, "ஃப்ளூ" என்ற ஒரே சொல்லை வருஷா வருஷம் வருவதற்கும் 1918-க்கும் சேர்த்து வைத்திருக்கிறோம். குழப்பத்தில் பாதி அங்கேயே தொடங்குகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி
16 மே 2023, காலை 7.10

உலகக் கணக்கும் அப்படியேதான் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஃப்ளூவுக்கு வருஷத்துக்கு 2.9 லட்சம் முதல் 6.5 லட்சம் வரை என்கிறது, மதிப்பீடு. கோவிட்டுக்கு 2020, 2021 இரண்டு ஆண்டில் நாடுகள் கொடுத்த எண் சுமார் 54 லட்சம். அதே நிறுவனம் கூடுதல் மரணமாகப் பார்த்தது 1 கோடி 49 லட்சம். யாராவது ஃப்ளூ எண்ணைச் சொன்னால் முதலில் "எண்ணியதா, மதிப்பிட்டதா?" என்று கேளுங்கள் மலர். கோயில் வரிசையில் நின்று பேச அது ஒன்று போதும்.

சாட்ஸ்வொர்த் மலர்
16 மே 2023, இரவு 9.20

எல்லோருக்கும் நன்றி. தம்பி, "அவரை எண்ணியிருக்கிறார்கள்" என்று நீங்கள் எழுதிய வரியை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை படி என்றார்.

சிஸ்டர் எழுதியதைப் படித்தபோது என் அம்மா ஒன்று சொன்னார். எங்கள் ஆயா 2014 ஜூலையில் போனார். பள்ளி விடுமுறையில் நாங்கள் எல்லோரும் ஒருவர் மாற்றி ஒருவர் காய்ச்சலில் கிடந்தோம், கடைசியாக ஆயாவுக்கு வந்தது. டாக்டர் நிமோனியா என்றார். வயசாகிவிட்டது, போய்விட்டார் என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஃப்ளூ என்ற சொல் அன்று யார் வாயிலும் வரவில்லை. இன்று பீரோவைத் திறந்து ஆயாவின் சான்றிதழையும் எடுத்துப் பார்த்தேன். மாமாவுடையதைப் போலவேதான் இருக்கிறது: இயற்கைக் காரணம். அம்மா இரண்டையும் ஒரே கவரில்தான் வைத்திருக்கிறார்.

வெருலம் துணிக்கடை
17 மே 2023, காலை 8.45

மலர் அம்மா, பூட்டிய விதம் தவறு என்று இன்னும் நினைக்கிறேன், என்னிடம் வேலை பார்த்த அந்த இரண்டு பெண்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் "ஃப்ளூ மாதிரிதான்" என்று இனிச் சொல்ல மாட்டேன். கணக்கு தப்பு என்று தெரிந்த பிறகு சொல்லக்கூடாது.

சிஸ்டர், ஒரு உதவி. என் மனைவிக்கு அறுபத்து மூன்று வயசு, சர்க்கரை உண்டு. ஃப்ளூ ஊசி எங்கே போடுவது? கிளினிக்கில் அறுபத்தைந்துக்கு மேல்தான் என்று யாரோ சொன்னார்கள்.

வார்டு சிஸ்டர்
17 மே 2023, காலை 9.30

இல்லை அண்ணா. அறுபத்தைந்துக்கு மேல் எல்லோருக்கும் உண்டு. அதற்குக் கீழே என்றாலும் சர்க்கரை, இதயம், நுரையீரல் வியாதி, எச்.ஐ.வி. இருந்தால் அரசு கிளினிக்கில் இலவசம். கர்ப்பிணிகளுக்கும் உண்டு. சர்க்கரை மாத்திரை வாங்கும் கார்டை எடுத்துப் போங்கள். இந்த வாரமே போங்கள், ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், குளிர் வந்துவிட்டது. காய்ச்சல் இருக்கும் நாளில் மட்டும் போக வேண்டாம்.

உங்கள் அண்ணனையும் கூட்டிப் போங்கள், பிரஷர் மாத்திரையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.